இருநூற்றுப் பதினான்கு பேரும் நிஜம்

பாப்பா,

கதவைத் திறக்கச் சொல்லி இதை எழுதவில்லை. நீ மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்த் தாழ் போட்டு ஒரு மணி நேரம் ஆகிறது. வியாழக்கிழமை பூந்தமல்லி மண்டபத்தில் உனக்குக் கல்யாணம். இன்றைக்கு ஞாயிறு, மணி பன்னிரண்டு. மாலை ஐந்து மணிக்கு மாப்பிள்ளை வீட்டார் வருகிறார்கள். கூடம் முழுக்கத் தாம்பூலப் பைகள். அவற்றுக்கு நடுவே கொஞ்சம் தரை தேடிப் பிடித்து உட்கார்ந்திருக்கிறேன். உன் அம்மா என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டுப் பாத்திரங்கள் மூலமாகப் பேசிக்கொண்டிருக்கிறாள். இப்போதுகூட ஒரு குக்கர் மூடி ஏதோ கடுமையாகச் சொன்னது. உள்ளே போகும் முன் நீ என்னை ஒரு கேள்வி கேட்டாய். "அவங்க கிட்ட சொல்றதுக்கு முன்னாடி என் கிட்ட ஏம்பா சொல்லல?" அதற்கு நான் வாயைத் திறந்தேன். ஊர் முழுக்கப் பேசுகிற வாயிலிருந்து வெறும் காற்றுதான் வந்தது. அதனால் எழுதுகிறேன்.

எங்கள் ஹாம் ரேடியோ சங்க மலரின் ஆசிரியர் இந்த மாதத்து நகைச்சுவைப் பக்கத்துக்கு இன்னும் என்னை நச்சரித்துக்கொண்டிருக்கிறார். இதைக் கொடுக்கலாம் என்று ஒரு நப்பாசை எனக்கு உண்டு, மறைக்கவில்லை. ஆனால் முதல் பிரதி உனக்கு. நீ வேண்டாம் என்றால் இது இந்த வீட்டுப் படியைத் தாண்டாது. தாண்டினால், அந்த மலரை ஹாம் ரேடியோக்காரர்களைவிட அவர்கள் மனைவிமார்தான் அதிகம் படிக்கிறார்கள் என்பதால், அவர்களுக்கும் புரியட்டும் என்று உனக்குத் தெரிந்த சிலவற்றையும் சேர்த்தே சொல்லிப்போகிறேன். பொறுத்துக்கொள்.

ஹாம் என்றால் உரிமம் வாங்கி வீட்டிலேயே வானொலி நிலையம் வைத்து உலகத்தோடு பேசுகிறவர். இரண்டு ஹாம்கள் வானொலியில் பேசிக்கொண்டால் அது பேச்சு. பிறகு இரண்டு பேரும் "ஆமாம், பேசினோம்" என்று ஒருவருக்கொருவர் அட்டை அனுப்பினால்தான் அது சாட்சி. நான் உரிமம் வாங்கிய புதிதில் அந்த அட்டை தபாலில் வரும். ஆறு மாதம் ஆகும், சிலது வராது, வந்ததில் ஒன்றை எலி தின்றது. இப்போது எல்லாம் மின் அட்டை. யாரோடு எப்போது பேசினாய் என்கிற உன் பதிவேட்டை நீ இணையத்தில் ஏற்றுகிறாய், ஜப்பான்காரர் அவருடையதை ஏற்றுகிறார். அழைப்புக்குறி என்கிற, எழுத்தும் எண்ணும் கலந்த ஹாம் பெயர், தேதி, நேரம், அலைவரிசை எல்லாம் இரண்டு பக்கமும் ஒத்துப்போனால் பச்சை. ஒத்துப்போகாவிட்டால் அவர் "என் பதிவேட்டில் இல்லை" என்று சிவப்பில் திருப்பிவிடுவார். உலகத்து ஹாம்கள் எல்லாரும் ஒரே கடிகாரத்தில் எழுத வேண்டும் என்பதற்காக உலகப் பொது நேரம் என்று ஒன்று இருக்கிறது. அது கொரட்டூர் நேரத்துக்கு ஐந்தரை மணி பின்னால். இங்கே மதியம் இரண்டரை என்றால் பதிவேட்டில் காலை ஒன்பது. இதை நான் உனக்குச் சொல்லிக்கொடுத்தபோது உனக்கு வயது பதினான்கு. அன்றிலிருந்து நீ ஒரு நாளும் மறக்கவில்லை. மறந்தது யார் என்பதற்கு வருகிறேன்.

மூன்று வருடம் முன்பு, வேலப்பன்சாவடிக் கல்லூரியில் நீ கடைசி வருடம். அந்தச் சனி ஞாயிறு உலகப் போட்டி. இரண்டு நாளில் எத்தனை நாட்டுக்காரர்களோடு பேச முடியுமோ பேச வேண்டும். தண்ணீர்த் தொட்டியிலிருந்து இரும்புக் குழாய் வரை மாடியில் நாம் இழுத்துக் கட்டிய கம்பிதான் ஆன்டெனா. உனக்குக் குரல் கட்டிப்போய், அம்மா மிளகு ரசத்தை டம்ளர் டம்ளராகக் கொண்டுவந்து வைத்தாள். ஒலித்தரம் எப்படி என்று சொல்லும் 'ஃபைவ் நைன்' என்பதை நீ நாள் முழுக்கக் கத்தியதைக் கேட்டு இரண்டாம் மாடி சரோஜா அம்மாவிடம் வந்து, "யக்கா, உம் பொண்ணு காலைலேர்ந்து ஒர்த்தனையே கூப்ட்டுகினு கீதே, அவன் வரவே மாட்டானா?" என்று விசாரித்தாள். ஞாயிறு மாலை முடிந்தபோது இருநூற்றுப் பதினான்கு பேர். நம் பகுதியில் அந்த வயதில் யாரும் செய்யாதது. நீ அப்படியே தலையணையில் விழுந்தாய். நான்தான் உன் பதிவேட்டை மின் அட்டைத் தளத்தில் ஏற்றினேன். அந்தப் புது மடிக்கணினியில் மென்பொருளைப் போட்டு, கடிகாரம் அமைத்து, எல்லாம் தயார் செய்து தந்ததும் நான்தான். பாடித் தொழிற்சாலையில் இருபது வருடம் அடுத்தவன் செய்த பற்சக்கரத்தில் குறை கண்டுபிடிக்கிற தரப் பரிசோதகன் அல்லவா நான்.

ஒரு வாரத்தில் சிவப்பு வர ஆரம்பித்தது. முதலில் மூன்று. பிறகு ஒன்பது. பிறகு வாழைத்தார் மாதிரி. ஜப்பான், இத்தாலி, பிரேசில், எல்லா நாட்டிலிருந்தும் "என் பதிவேட்டில் இல்லை." பச்சை ஒன்றுகூட இல்லை. நான் வேலையிலிருந்து வந்ததும் சட்டையைக்கூடக் கழற்றாமல் மடிக்கணினி முன்னால் உட்கார்ந்து எண்ணினேன். எண்ண எண்ண எனக்குள் ஒரு பரிசோதகன் எழுந்து நின்றான். ஒரு சக்கரத்தில் குறை இருந்தால் சக்கரத்தின் குற்றம், அத்தனை சக்கரத்திலும் குறை இருந்தால் அளவுகோலைப் பார் என்று நான் புதுப் பையன்களுக்குப் பாடம் எடுக்கிறவன். வீட்டுக்கு வரும்போது அந்தப் பாடத்தை ஃபேக்டரி லாக்கரிலேயே வைத்துப் பூட்டிவிட்டு வந்திருக்கிறேன். உன்னைக் கூப்பிட்டேன்.

"உண்மையச் சொல்லு பாப்பா. இதுல எத்தன நிஜம்?"

"இன்னாப்பா கேக்கற? எல்லாமே நிஜம்."

"அப்ப ஒர்த்தன் கூடவா ஒத்துக்க மாட்டான்?"

"நேரத்தப் பாரு. கடியாரம் எதுனா தப்பா வச்சியா?"

நான் சுவரைத் திரும்பிப் பார்த்தேன். உண்மையாகவே, பாப்பா, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன்! ஏழு இருபது, சரியாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. "என் கடியாரம் கரெக்ட்டு. உன் கதைதான் கொஞ்சம் ஃபாஸ்ட்டு" என்றேன். சொன்ன வேகத்தில் எனக்கே பிடித்துப்போயிற்று. ஒரு வசனம் நன்றாக அமைந்துவிட்டால் அது உண்மையா என்று பார்க்க எனக்கு எப்போதுமே நேரம் இருப்பதில்லை. நீ என்னைப் பார்த்த பார்வையை நான் அப்போது திருட்டு முழி என்று எடுத்துக்கொண்டேன். "நான் ஒரு தடவ சொன்னேம்பா. ரெண்டாந்தடவ சொல்ல மாட்டேன்" என்றாய். மடிக்கணினியை எடுத்துப் பீரோவில் வைத்துப் பூட்டினேன்.

அதோடு நின்றிருந்தால் அது வீட்டுச் சண்டை. ஞாயிறு காலை எட்டு மணிக்கு நம் பக்கத்து ஹாம்கள் எல்லாரும் ஒரே அலைவரிசையில் கூடுகிற நெட் இருக்கிறதே, ஆவடி குவார்ட்டர்ஸிலிருந்து தூத்துக்குடி அண்ணாச்சி நடத்துவாரே, அதில் என் முறை வந்ததும் மைக்கை அழுத்தினேன். "நம்ம ஊட்ல ஒரு நாவலாசிரியை உருவாயிருக்காங்க. இருநூத்திப் பதினாலு பாத்திரம். ஒர்த்தர் கூட உயிரோட இல்ல." சிரிப்பு அலை அலையாக வந்தது. ஒருவர் பின் ஒருவராக மைக்கை அழுத்திச் சிரித்தார்கள். அண்ணாச்சிகூட, "ஏ, என்னவே, பிள்ளைய இப்படிப் போட்டு வாரிட்டீரு" என்று சிரித்துக்கொண்டேதான் சொன்னார். நீ பக்கத்து அறையில் கையடக்க வானொலியில் கேட்டுக்கொண்டிருந்தாய் என்பது எனக்குத் தெரியாது. தெரியாது என்றா எழுதினேன்? அடித்துவிடு. சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து என் குரலே எனக்குக் கேட்டது. தெரிந்துதான் முடித்தேன். கைத்தட்டல் கிடைக்கிற இடத்தில் பாதி வசனத்தில் நிறுத்தும் ஒழுக்கம் எனக்கு இல்லை.

நீ வந்தாய், வானொலியை அணைத்தாய், போனாய். அழவில்லை. போட்டிக்கு அனுப்பிய பதிவேட்டை நீயே திரும்பப் பெற்றாய். லட்சத்தீவுக்குப் போய் அங்கிருந்து வானொலியில் பேசப்போகிற சங்கக் குழுவில் உன் பெயர் இருந்தது. அடுத்த பட்டியலில் இல்லை. யாரும் எதுவும் கேட்கவில்லை, பெயரை மட்டும் எடுத்துவிட்டார்கள். அதன் பிறகு நீ மைக்கைத் தொடவே இல்லை. அம்பத்தூர் எஸ்டேட்டில் வேலை கிடைத்தது, போனாய், வந்தாய், என்னோடு சிரித்துப் பேசினாய். எனக்குத் தைரியம் வந்துவிட்டது. "தானா ஆறிடுச்சு பாரு" என்றேன் அம்மாவிடம். "ஆறல. மூடி வச்சிகீறா" என்றாள் அவள்.

எட்டு மாதம் கழித்து ஒரு மதியம், என் கைப்பேசியில் வேறு ஏதோ தேடும்போது, அந்தச் சிவப்புகளில் ஒன்றின் மேல் என் விரல் பட்டுவிட்டது. உள்ளே ஒரு குறிப்பு திறந்தது. ஒவ்வொரு சிவப்புக்குள்ளும் அனுப்பியவர் நாலு வரி எழுத இடம் உண்டு, பாப்பா. நான் ஒன்றைக்கூடத் திறந்து படித்திருக்கவில்லை. நிறத்தை மட்டும் எண்ணியிருக்கிறேன். அது ஒரு ஜப்பானியப் பெரியவர் எழுதியது. "இந்த அழைப்புக்குறியில் ஓர் இளம்பெண்ணோடு பேசினேன். மிக நேர்த்தியாக நிலையம் நடத்தினார். ஆனால் என் பதிவேட்டில் அது சரியாக ஐந்தரை மணி நேரம் முன்பு இருக்கிறது. தயவுசெய்து உங்கள் கடிகாரத்தைப் பாருங்கள்." அடுத்ததைத் திறந்தேன். இத்தாலிக்காரர்: "ஐந்தரை மணி?" என்று ஒரே வரி. பிரேசில்காரருக்கும் அதே சந்தேகம். முன்பின் தெரியாத மனிதர்கள், உலகத்து மூலையெல்லாம் உட்கார்ந்து, உன்னை நம்பி, எங்கே தவறியது என்று தேடியிருக்கிறார்கள். பீரோவைத் திறந்து மடிக்கணினியைப் போட்டுப் பார்த்தேன். அமைப்புப் பக்கத்தில் மாற்ற வேண்டிய ஒரே ஒரு பொத்தானை நான் மாற்றாமல் விட்டிருந்தேன். மென்பொருள் கொரட்டூர் நேரத்தையே உலக நேரம் என்று எழுதியிருந்தது. இருநூற்றுப் பதினான்கு பேரும் நிஜம். பொய் நான் ஒருவன்தான்.

அப்போதே உன்னிடம் ஓடி வந்திருக்க வேண்டும். வரவில்லை. நீ அலுவலகத்திலிருந்து வந்ததும் சொல்லலாம் என்று இருந்தேன். வந்தாய், களைப்பாக இருந்தாய். சாப்பிட்டதும் சொல்லலாம் என்றிருந்தேன். நீ சிரித்தாய், அதைக் கெடுப்பானேன் என்று தோன்றியது. கோழைக்கு நல்ல நாளும் தடை, கெட்ட நாளும் தடை. அப்படியே இரண்டு வருடம் ஓட்டினேன். உன் அம்மாவிடமும் சொல்லவில்லை.

போன வாரம் மாப்பிள்ளை பத்திரிகை விஷயமாக வந்திருந்தார். மேசை மேல் இருந்த வானொலியைப் பார்த்துவிட்டு, "அவங்களும் ரேடியோல்லாம் பேசுவாங்களாமே மாமா, ஏன் உட்டுட்டாங்க?" என்று கேட்டார். வெள்ளையாகக் கேட்டார். கடித்த போண்டாவைத் தட்டிலேயே திருப்பி வைத்தேன். நீ என்னைப் பார்க்கவே இல்லை. "எனக்கு அது சரியா வரலங்க" என்றாய். அவ்வளவுதான். உலகத்தில் யார் நம்பாவிட்டாலும் நிஜத்தை விட்டுக்கொடுக்காத பெண் நீ, எனக்காக உன் வருங்காலக் கணவரிடம் முதல் பொய்யைச் சொன்னாய். அன்றைக்கு அவர் போனதும் அம்மாவிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். அவள் கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தாள். பிறகு, "ரெண்டு வர்சமா இத்த வயித்துல வச்சிகினுதான் என் சாப்பாட்டுல உப்பு கம்மின்னு சொல்லிகினு இருந்தியா?" என்றாள்.

உன் பதிவேட்டின் நேரங்களைத் திருத்தி நானே மறுபடி ஏற்றிவிடுகிறேன், காலையில் எழுந்தால் பாப்பாவுக்கு எல்லாம் பச்சையாக இருக்கட்டும் என்று மடிக்கணினியை எடுத்தேன். அம்மா அதன் மூடியைச் சாத்தினாள். என் விரல் உள்ளே இருந்தது. "அவ பேர்ல இன்னொரு வாட்டி கைய வைக்காத. போயி அவ கிட்ட சொல்லு. மொதல்ல அவ கிட்ட." மூன்று முறை சொன்னாள், மொதல்ல, மொதல்ல என்று. நான் என்ன செய்தேன்? இன்று காலை நீ அம்மாவோடு அம்பத்தூர் ஓ.டி.யில் தையற்காரரிடம் ரவிக்கை வாங்கப் போயிருந்தபோது, எட்டு மணிக்கு நெட்டில் மைக்கை அழுத்தினேன்.

எல்லாவற்றையும் சொன்னேன். கடிகாரம், பொத்தான், ஜப்பானியப் பெரியவர், இரண்டு வருடம். ஒரு வேடிக்கைகூடச் சேர்க்கவில்லை, நீ நம்பமாட்டாய். முடித்து விரலை எடுத்தேன். இருபது பேர் கேட்டுக்கொண்டிருக்கும் அலைவரிசையில் வெறும் இரைச்சல். வானொலி கெட்டுவிட்டதோ என்று ஒலியைத் திருகினேன். பிறகு அண்ணாச்சி வந்தார். "அன்னைக்கு நாங்களும்லா சிரிச்சோம்" என்றார். "பேர எடுத்தவனும் நாந்தான். இப்ப வரிசையாக் கூப்பிடுதேன், சிரிச்சவன்லாம் சொல்லுங்கல." வழக்கமான வருகைப் பதிவு மாதிரியே ஒவ்வொரு அழைப்புக்குறியாகக் கூப்பிட்டார். ஒவ்வொருவராக "நானும் சிரிச்சேன்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்கள். கடைசியில் உன் அழைப்புக்குறியைக் கூப்பிட்டார். மூன்று முறை கூப்பிட்டார். நீ தையற்கடையில் இருந்தாய். எனக்கு என்னவோ பெரிய காரியம் செய்து முடித்த மாதிரி நெஞ்சு லேசாகிவிட்டது. போய்க் காபி போட்டுக் குடித்தேன்.

நீ படியேறி வரும்போதே உன் கைப்பேசியில் நாலு பேர் மன்னிப்புக் கேட்டு எழுதியிருந்தார்கள். உன் வாழ்க்கையில் நடந்த விஷயத்தை நீ நாலு ஆண்பிள்ளைகளின் குறுஞ்செய்தியில் படித்துத் தெரிந்துகொண்டாய், என்னிடமிருந்து அல்ல. அப்போதுதான் அந்தக் கேள்வியைக் கேட்டாய். அம்மா ரவிக்கைப் பையோடு வாசலிலேயே நின்று, "இது இந்தாளுக்குப் புதுசு இல்ல பாப்பா" என்றாள். உண்மைதான். நீ பிறப்பதற்கு ஒரு மாதம் முன்பு, ஒரு தொழிற்சாலையில் தப்பான சரக்கைச் 'சரி' என்று போட்டு அனுப்பி என் வேலை போயிற்று. நேரே வீட்டுக்கு வரவில்லை. பாடி மேம்பாலத்துக்குக் கீழே டீக்கடையில் உட்கார்ந்து அதை ஒரு நாடகமாக நடித்துக் காட்டினேன். மேலாளர் மாதிரி நடந்து காட்டினேன். லாரிக்காரர்கள் எல்லாம் சிரித்தார்கள். நான் வீடு வந்து சேரும்முன் செய்தி வந்துவிட்டது. "எம் புருசனுக்கு வேல போனத கீரக்காரம்மா சொல்லி நான் தெரிஞ்சிக்கணுமா?" என்று நிறைமாதத்தில் கதவைப் பிடித்துக்கொண்டு கேட்டாள் உன் அம்மா. அதற்கும் இன்றுவரை பதில் சொல்லவில்லை நான்.

உங்கள் இருவருக்குமான பதில் ஒன்றுதான், பாப்பா. இருபது பேர் முன்னால் தப்பை ஒப்புக்கொள்வது எனக்குச் சுலபம். அது ஒரு நிகழ்ச்சி. "பெரிய மனசுப்பா இந்தாளுக்கு" என்று யாராவது ஒருவர் நினைப்பார். மைக்குக்கு முகம் கிடையாது. அடிபட்ட ஒரே ஒருவர் முன்னால் போய் நின்றால் அங்கே நிகழ்ச்சி இல்லை, கைத்தட்டல் இல்லை, அந்த முகம்தான் இருக்கிறது. அந்த முகத்துக்குப் பயந்து இத்தனை காலமும் ஊரைக் கூட்டிவைத்துக்கொண்டு ஓட்டியிருக்கிறேன். கல்யாணத்துக்கு அப்பன் சொல்கிற புத்திமதி என்று பெரிதாக என்னிடம் ஒன்றும் இல்லை. இந்த ஒன்றை வைத்துக்கொள். நாளைக்கு நீயும் அவரும் ஒருவருக்கொருவர் தப்பு செய்வீர்கள், செய்யாமல் இருக்க முடியாது. அப்போது உன் தோழிக்கோ, அம்மாவுக்கோ, சாமிக்கோ சொல்வதற்கு முன்னால், முதலில் அவரிடம் சொல். அவர் தப்பு செய்துவிட்டு முதலில் உன்னிடம் வந்து நின்றால், அப்படி நின்றதற்காகவாவது பாதி மன்னித்துவிடு. அவர் என்னைப் போல ஊரெல்லாம் சொல்லிவிட்டுக் கடைசியாக உன்னிடம் வந்தால், இன்று செய்தாயே, அதையே செய். கதவைச் சாத்து.

இந்த வரியை எழுதும்போது என் கைப்பேசி ஒலித்தது. மாப்பிள்ளை வீடுதான், புறப்பட்டுவிட்டார்கள் போல என்று பதறி எடுத்தேன். மின்னஞ்சல். உன் மின் அட்டைக் கணக்கைத் தொடங்கிக்கொடுத்தவன் நான் என்பதால் அதன் அஞ்சல்கள் இன்னும் எனக்குத்தான் வருகின்றன. "ஒரு தொடர்பு உறுதியானது: ஜப்பான்." நான் அதைப் படித்து முடிப்பதற்குள் அடுத்தது. இத்தாலி. அடுத்தது. நீ உள்ளே அழுதுகொண்டிருக்கிறாய் என்று இத்தனை நேரம் நான் நினைத்துக்கொண்டிருந்தேன். நீ நேரங்களைத் திருத்திக்கொண்டு இருந்திருக்கிறாய். பிரேசில், கென்யா, மறுபடி ஜப்பான். மூன்று வருடமாக அவர்கள் பதிவேட்டில் நீ இருந்திருக்கிறாய், சரியான நேரத்தில், அப்படியே. கைப்பேசியைத் தரையில் வைத்தேன். அது தாம்பூலப் பைகளுக்கு நடுவில் அதிர்ந்து அதிர்ந்து நகர்ந்தது. அம்மா சமையற்கட்டிலிருந்து வந்து என்ன என்று கேட்காமல் பக்கத்தில் உட்கார்ந்தாள். இருவரும் எண்ணினோம். எழுபதைத் தாண்டியது. நான் எழுந்து உன் கதவு வரை போனேன். தட்டக் கையைத் தூக்கினேன். அம்மா தலையை ஆட்டினாள். திரும்பி வந்து உட்கார்ந்தேன்.

நூற்று ஆறாவதுக்குப் பிறகு சத்தம் நின்றது. கொஞ்சம் பொறுத்து இன்னும் ஒன்றே ஒன்று வந்தது. அதை இங்கே அப்படியே எழுதுகிறேன்: "உங்கள் மின்னஞ்சல் முகவரி இந்தக் கணக்கிலிருந்து நீக்கப்பட்டது. இனி உங்களுக்கு அறிவிப்புகள் வராது." அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். "கரெக்ட்டா செஞ்சிருக்கா" என்றாள். ஆமாம் பாப்பா. மீதி நூற்றெட்டுப் பேர் உனக்குப் பதில் சொல்வார்கள். எத்தனை பச்சை என்பது இனி எனக்குத் தெரியாது. நீயாகச் சொன்னால் தெரிந்துகொள்வேன்.

காகிதத்தைக் கதவுக்குக் கீழே தள்ளுகிறேன்.

அப்பா